பஜனைக் கோஷ்டியும் இரண்டு பாட்டரியும்

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழியில், திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் தெருப் பஜனைக் கோஷ்டிக்குப் பாட்டைத் தவிர இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் வண்டியைத் தள்ளுவது. விடியலில் தெருக்கோடியிலிருந்து பாடிக்கொண்டு வருவார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் மிருதங்கக்காரர் மிருதங்கத்தைக் கழற்றி எங்கள் படியில் வைப்பார். தாளக்காரர் தாளத்தை மடியில் செருகிக்கொள்வார். பத்துப் பேரும் வண்டியின் பின்புறத்தில் கை வைப்பார்கள். பாட்டு மட்டும் நிற்காது.

வண்டி நகர நகரப் பாட்டும் வேகம் பிடிக்கும். எங்கள் வாசலில் நிதானமாகத் தொடங்கிய நாமாவளி, எதிர் வரிசையில் நாலாவது வீட்டைத் தாண்டும்போது ஓட்டமாகி, பொதுக் கிணற்றருகே மூச்சிரைப்பாக முடியும். அங்கேதான் என் கணவர் கிளட்சை விடுவார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, ஒரு மூட்டை கரும்புகையைக் கக்கிவிட்டு உயிர் பெறும். புகை விலகும்போது பத்துப் பேர் நெற்றியிலும் திருநீறு கறுத்திருக்கும். அப்படியே திரும்பி வந்து, மிருதங்கத்தை மாட்டிக்கொண்டு, விட்ட அடியிலிருந்து பாடுவார்கள். ஒரு நாள்கூட யாரும் முகம் சுளித்ததில்லை. இரண்டாவது வாரத்தில் கோஷ்டியில் ஆள் கூடிவிட்டது என்பதுதான் உண்மை.

முகம் சுளித்தவள் எதிர் வீட்டு அக்கா. மார்கழியில் எங்கள் தெருப் பெண்களுக்குள் கோலப் போட்டி பெரிய போட்டி. யார் வாசலில் எத்தனை புள்ளி, யார் வாசலில் எத்தனை பூசணிப்பூ என்று ஒருத்தி கோலத்தை ஒருத்தி ஓரக்கண்ணால் எண்ணுவோம். தள்ளுகிற வண்டிக்குக் கோலம் தெரியுமா? சக்கரம் இரண்டும் வரிசையாக எல்லார் வாசல் கோலத்திலும் ஏறிக்கொண்டு போகும்.

"ஏம்மா, நான் குனிஞ்சு நிமுந்து புள்ளி வெச்சுட்டு உள்ள போறதுக்குள்ள உன் வூட்டுக்காரரு ரோடு போட்டுட்டாரே!" என்று அக்கா தினமும் காலையில் என்னைப் பிடித்துக்கொள்வாள். நானும் வாய் மூடிக் கேட்கிற ஜாதி இல்லை. "உன் கோலம் ரோடு வரைக்கும் ஏன் வருது அக்கா?" என்பேன். சூரியன் வரும்வரை இது நடக்கும்.

அது ஒரு பழைய பிக்கப் வண்டி. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு உழைத்தது. முதலில் பெட்ரோலில் ஓடியதாம். பிறகு யாரோ புண்ணியவான் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டிவிட்டார். பெட்ரோல் என்றால் முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றிக் கிளப்பலாம். டீசலை அப்படிச் சுற்ற முடியாது, அது கையைத் திருப்பி அடிக்கும். எல்லாம் பாட்டரியின் பலத்தில்தான். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் முனையிலிருந்து மற்றதன் முனைக்குக் கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி. இரண்டும் சேர்ந்து கொடுத்தால்தான் என்ஜின் சுற்றும்.

திருத்தணியில் என்ன பெரிய குளிர் என்று யாராவது கேட்கலாம். பனிக்கட்டி விழுகிற ஊர்க்காரர்கள் எங்கள் மார்கழியைப் பார்த்தால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள். ஆனால் எங்களுக்கு அது குளிர்தான். தலைக்குத் துண்டு கட்டாமல் யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள். வண்டியும் எங்கள் ஊர் வண்டி அல்லவா? கார்த்திகை வரை சொன்ன பேச்சைக் கேட்டது. மார்கழி முதல் தேதி அன்று ஸ்டார்ட்டரை அழுத்தியதும் "ங்... ங்... ங்" என்று முனகி, படுத்துக்கொண்டது.

என் கணவர் அதில் பொதட்டூர்பேட்டைக்குப் போய், தறிக்காரர்கள் கட்டி வைத்த லுங்கி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து, காலை ரயிலுக்குத் திருத்தணி ஸ்டேஷனில் இறக்குவார். ஆனால் பிறந்தது சமையல் குடும்பத்தில். மாமனார் மலையடிவாரத்தில் ஜவுளிக்காரர்கள் சத்திரத்தில் தலைமைச் சமையல்காரர். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கே பதறாமல் அண்டா இறக்குகிறவர். சிரித்து நான் பார்த்ததில்லை. மகனும் ஆறு வருஷம் அவர் பக்கத்தில் நின்று கரண்டி பிடித்தார். எனக்குக் கல்யாணமான புதிதில் என் கணவர் வீட்டுக்கு வந்தால் புகையில் சிவந்த கண்ணோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கேட்டால்தான் பதில், அதுவும் ஒரு சொல். வண்டி வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். மணவூர் ஸ்டேஷனில் யாரைப் பார்த்தார், திருவாலங்காட்டில் எந்தக் கொல்லையில் கரும்பு வெட்டுகிறார்கள் என்று சாப்பிட உட்கார்ந்தால் கதை கதையாக வரும். அந்தப் பேச்சை நான் இழக்கத் தயாராக இல்லை. அதோடு என் தாய்வீடு பொதட்டூர்பேட்டையில்தான். நினைத்தால் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து போய்வரலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் பன்னிரண்டு நாள் பேசாமல் பார்த்தார். பதின்மூன்றாம் நாள், புகை அடங்கியதும் வாசலுக்கு வந்தார்.

"இன்னாடா இது, வண்டியா, தேரா? ஊரே கூடித் தள்ளணுமா?"

"குளுரு நைனா. தை பொறந்தா சரியாய்டும்," என்றார் என் கணவர்.

"தை பொறக்கற வரைக்கும் வேணாம். போகி வரைக்கும் பாக்கறேன். அன்னிக்குக் காலைல ஒருத்தரும் கை வெக்காம இது கெளம்பணும். கெளம்பலன்னா தை ஒண்ணு அன்னிக்கு நீ சத்திரத்து அடுப்பாண்ட நிக்கற. வண்டிய வித்துடலாம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அன்று சாயங்காலமே ஒரு நீளக் கரண்டி வாங்கிக்கொண்டு வந்தார். பித்தளை, புத்தம் புதுசு. கூடத்தில் நடந்தால் தலையில் இடிக்கிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். என் கணவர் அதைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார். நான் பார்த்துப் பார்த்துப் பொருமினேன்.

மறுநாளே என் கணவர் அரக்கோணத்துக்குப் போனார். அங்கே ரயில்வே கேட் பக்கம் ஒரு பாட்டரிக் கடை. திரும்பி வரும்போது ஒரே ஒரு புது பாட்டரி. கறுப்புப் பெட்டி, மேலே தார் பூசி மினுமினுவென்று இருந்தது.

"ரெண்டு இல்ல இருக்கு வண்டில?" என்றேன்.

அதற்கு அவர் கொடுத்த விளக்கத்தைக் கேட்டால் அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரிந்துவிடும். சத்திரத்தில் புது அரிசி வந்தால் அதை மட்டும் உலையில் போட மாட்டார்கள், குழைந்து கூழாகிவிடும். பழைய அரிசியில் ஒரு பங்கு கலப்பார்கள். புதுசைப் பழசு பிடித்து நிறுத்தும், சாதம் உதிரியாக வரும்.

"அதே கணக்குதான். பழசுல நல்லதா ஒண்ண வெச்சுக்கினு, புதுசு ஒண்ண சேத்துட்டேன். புதுசு வேகம் குடுக்கும், பழசு நெதானம் குடுக்கும். கடைக்காரன் ரெண்டும் மாத்துங்கன்னான். அவன் யாவாரத்த அவன் பாக்கறான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சோறு விஷயத்தில் அந்தக் குடும்பத்தை மீறிப் பேச நான் யார்? மறுநாள் விடியலில் ஸ்டார்ட்டரை அழுத்தினார். இரண்டு சுற்று முனகிவிட்டு வண்டி தானாகக் கிளம்பியது. பஜனைக் கோஷ்டி அப்போதுதான் வாசலுக்கு வந்தது. மிருதங்கத்தைப் பாதி கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். கோஷ்டித் தலைவர் மளிகைக் கடைக்காரர், ஊரைத் தூக்கும் குரல். "இன்னாப்பா, தள்ள வேணாமா?" என்று கேட்டபோது அவர் குரலே கொஞ்சம் இறங்கிவிட்டது. எதிர் வீட்டு அக்கா மட்டும் இரண்டு புள்ளி கூட்டி வைத்தாள்.

எட்டு நாள் இந்தச் சந்தோஷம். நான் தலை நிமிர்ந்து கூடத்தில் நடந்தேன், கரண்டி இடித்தாலும் வலிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் முனகல் ஒரு சுற்று கூடிக்கொண்டே வந்தது. இருவரும் அதைக் கேட்டோம், இருவரும் கேட்காத மாதிரி இருந்தோம். ஒன்பதாம் நாள் "ங்" என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. வாசலுக்குக் கோஷ்டி வந்தது. மிருதங்கம் படிக்கு வந்தது, பாட்டு ஏறியது, அக்காவின் கோலம் போனது. மாமனார் உள்ளேயிருந்து கனைத்தார்.

போகிக்கு ஆறு நாள் இருந்தது. என் கணவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சீட்டைத் தூக்கி, இரண்டு பாட்டரிகளுக்கும் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பழைய மாதிரி சுவரைப் பார்க்கிற பார்வை. பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "எழுந்திரிங்க, நானும் பாக்கறேன்," என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் குனிந்தேன்.

எங்கள் தாய்வீட்டில் கூடத்தில் தறி. நான் நடக்கப் பழகியதே பாவு நூலுக்கு அடியில்தான். அறுந்த நூலை முடிவது எனக்கு ஏழு வயதில் வந்த வேலை. சீட்டுக்கு அடியில் பார்த்ததும் என் கண்ணில் பட்டது பாட்டரி இல்லை, நடுவில் இருந்த அந்தக் கம்பிதான்.

"ஏங்க, இது அரிசி கலக்கற மாதிரி இல்லிங்களே," என்றேன். "அரிசின்னா ஒரே உலைல ரெண்டும் கெடக்குது. இங்க ஒண்ணோட வாலப் புடிச்சு இன்னொண்ணோட தலைல இல்ல முடிஞ்சு வெச்சிருக்குது? இது நூலு முடியறதுங்க. இத்துப்போன நூல்ல புது நூல முடிஞ்சு இழுத்தா இன்னா ஆவும்? புதுசு எவ்ளோ கெட்டியா இருந்தா இன்னா, பழசு தாங்கற வரைக்குந்தான் தாங்கும்."

அவர் என்னைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். "வண்டில ஏறு," என்றார். கிணற்றடிப் பையன்கள் தள்ளிக் கிளப்பினார்கள்.

பாட்டரிக் கடைக்குப் பெண்பிள்ளை போகிற வழக்கம் அப்போது கிடையாது. கடைக்காரர் எனக்கு எங்கே இடம் போடுவது என்று தெரியாமல், ஆசிட் ஜாடிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டார். நான் உட்கார்ந்தேன். அதன் பலன், ஊதாப் புடவையின் முந்தானையில் அடுத்த சலவைக்குப் பிறகு பொட்டுப் பொட்டாக ஓட்டை. என் கணவரின் வேட்டிகளெல்லாம் ஏற்கெனவே சல்லடைதான், ஆகவே ஜோடிப் பொருத்தம் சரியாகிவிட்டது.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். ரப்பர் உருண்டை வைத்த ஒரு கண்ணாடிக் குழாயைப் பாட்டரியின் ஒவ்வொரு துளையிலும் விட்டு ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதவை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்த்தார். பழைய பாட்டரியில் மூன்று அறை. ஒன்றில் மிதவை எழும்பவே இல்லை. புதியதில் மூன்றிலும் பாதி உயரம்தான்.

என் கணவர் நான் சொன்ன நூல் கதையை அவரிடம் சொன்னார். தன் கதை மாதிரிதான் சொன்னார். கடைக்காரர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"அம்மா சொன்னதுதானே? சரிதாம்மா. இன்னும் ஒண்ணு கேளுங்க. வண்டி ஓடும்போது டைனமோ சார்ஜு குடுக்குது இல்ல? பழசு சீக்கிரமே போதும் போதும்னு பொங்கும். ரெண்டுக்கும் வயிறு ரொம்பிடுச்சுன்னு டைனமோவும் நிறுத்திக்கும். புதுசு அரை வயித்தோட கெடக்கும். தெனமும் அரை வயிறுன்னா எத்தினி நாளு ஒழைக்கும்? அன்னிக்கே ரெண்டும் மாத்துங்கன்னு சொன்னேன்."

என் கணவர் தலையைச் சொறிந்தார். ஆனால் அவர் அவசரம் அவரை விடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய பாட்டரி இருந்தது, பஸ்ஸுக்குப் போடுகிறது. எங்களுடையதில் ஓர் அறைக்குப் பதின்மூன்று ஈயப் பிளேட், அதில் பதினேழு.

"அந்தப் பெரிச எடுங்க. ஒண்ணு பெரிசா இருந்தா இன்னும் பலந்தானே?"

கடைக்காரர் இழுத்தார். "ஓடும்... கொஞ்ச நாளு ஓடும். உங்க சைஸு கைவசம் இல்ல. மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல வரணும். மூணு நாளு ஆவும். வந்ததும் ஆசிட் ஊத்தி ரெண்டு நாளு சார்ஜ் போடணும்."

மூன்றும் இரண்டும் ஐந்து. போகிக்கு முந்தின நாள். ரயிலில் ஒரு நாள் தவறினால் கரண்டிதான். என் கணவரின் கை பெரிய பாட்டரியின் மேலேயே இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னால் அன்றைக்கே வண்டி கிளம்பும், போகிக்கும் கிளம்பலாம், மாமனார் வாயை மூடலாம். ஆனால் பங்குனியில் மறுபடி இதே ஸ்டூலில் உட்கார வேண்டும்.

"நாப்பதாம் நம்பர் தடி நூலோட அறுபதாம் நம்பர் மெல்லிசு நூல யாருனா முடிவாங்களா?" என்றேன். "ஒரே நம்பரா, ஒரே கம்பெனியா, ரெண்டும் ஒரே மாரி இருக்கட்டும். நாம காத்துக்கினு இருக்கலாங்க. நான் இருக்கேன்."

கடைக்காரர் பெரிய பாட்டரியைத் திரும்ப மேல்தட்டில் ஏற்றினார். எங்கள் அரைவயிற்றுப் பாட்டரியைத் தானே வைத்துக்கொண்டு, வரப்போகிறதோடு சேர்த்து நிறையச் சார்ஜ் போட்டுத் தருவதாகச் சொன்னார். பழசை ஒரு மூலையில் தள்ளினார். அன்றிலிருந்து ஐந்து நாள் எங்கள் வண்டி சீட்டுக்கு அடியில் வெறும் கம்பியோடு ஓடியது. தள்ளிக் கிளப்பிவிட்டால் டீசலுக்குப் பாட்டரி தேவையில்லை, அது ஒரு நல்ல குணம். கோஷ்டிக்குக் கொண்டாட்டம். மளிகைக் கடைக்காரர் வண்டி தள்ளுவதற்கென்றே இழுத்துப் பாடத் தோதான ஒரு தெலுங்கு நாமாவளியைத் தேடிக்கொண்டு வந்தார்.

மாமனார் சாப்பிட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் கரண்டியை ஒரு முறை துண்டால் துடைப்பார். நானும் விடவில்லை. அவர் துடைத்துவிட்டுப் போனதும் அதன்மேல் ஈரத் துணியைக் காயப் போடுவேன்.

ரயில் ஏமாற்றவில்லை. போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பாட்டரிகள் வந்து சீட்டுக்கு அடியில் உட்கார்ந்தன. ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்க்கலாம் என்றேன். "வேணாம். குளுர்லதான்டி பாக்கணும்," என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பரீட்சைக்குப் போகிற பையன் தோற்றான்.

போகி அன்று பனி எதிர் வீடு தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. தெருமுனையில் பழம்பாயையும் துடைப்பத்தையும் கொளுத்துகிற வாசனை. எங்கள் வாசலில், வண்டிக்கு நேர் முன்னால், அந்த மார்கழியிலேயே பெரிய கோலத்தை நான் போட்டேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "வண்டி கெளம்பாதுன்னு முடிவு பண்ட்டியா?" என்று கேட்டாள். நான் கோலத்தின் நடுவில் பூசணிப்பூவை ஊன்றினேன். கோஷ்டி வந்தது. மிருதங்கம் படிக்கு வந்தது. மாமனார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார்.

என் கணவர் ஏறி உட்கார்ந்து அழுத்தினார்.

முனகலே இல்லை. ஒரே சுற்று. வண்டி கர்ஜித்துக்கொண்டு எழுந்தது. கோஷ்டியில் யாரோ "அரோகரா!" என்று கத்த, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். எதிர் வீட்டு அக்கா கைதட்டினாள் என்று சொன்னால் நம்ப வேண்டும், என் கண்ணால் பார்த்தேன்.

மாமனார் அசையவில்லை. "நிறுத்து," என்றார். என் கணவர் நிறுத்தினார். பாட்டும் நின்றது. "இன்னொரு தபா." மறுபடி ஒரே சுற்று. "நிறுத்து." நிறுத்தினார். இப்போது மாமனார் போர்வையை என் கையில் கொடுத்துவிட்டு, என் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போய், வண்டிக் கதவைத் திறந்தார்.

"தள்ளி உக்காரு. எங்க அழுத்தணும்?"

அடுப்புச் சூட்டில் தழும்பேறிய அந்தக் கட்டைவிரல் ஸ்டார்ட்டர் மேல் பட்டது. வண்டி எழுந்தது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். பிறகு சிரித்தார். வாய் விட்டு, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். கல்யாணமான மூன்று வருஷத்தில் என் மாமனாருக்கு முன்பல் ஒன்று கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எப்புட்றா பண்ணே?"

"நான் இல்ல நைனா, அவதான். ரெண்டும் ஒரே நம்பரா வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா."

மாமனார் ஜன்னல் வழியாக என்னைத் தேடிப் பார்த்தார். "அந்தக் கரண்டிய எறக்கி நீயே வெச்சுக்கோம்மா," என்றார். "நூலு முடியத் தெரிஞ்சா போதுமா? நீ வெக்கற சாம்பாரு இன்னும் சரியா வரல."

தெருவே சிரித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "என்னை சத்திரத்துல எறக்கிட்டு பொதட்டூர்பேட்டைக்குப் போ," என்று மகனிடம் சொல்லிவிட்டு அவர் முன் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். சத்திரம் கூப்பிடு தூரம். வண்டி என் பெரிய கோலத்தின் நடுவில் ஏறி, பூசணிப்பூவை நசுக்கிக்கொண்டு போயிற்று. பஜனைக் கோஷ்டி பழக்க தோஷத்தில் அதன் பின்னாலேயே ஓடியது.